தலையாட்டி சார்

“குடிச்சிருந்தீங்களாஆ?”

அப்பாவுக்குத் துணையாகக் கம்பெனிக்குப் போனபோது மேனேஜர் மேடம் அவரைக் கேட்ட கேள்வியை, மூக்கைச் சுருக்கி, கடைசி எழுத்தை இழுத்து, அவங்க குரலிலேயே அம்மாவுக்குச் செய்துகாட்டினேன். அச்சு அசல். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

“குடிச்சிருந்தாக்கூட ஒரு காரணம் இருக்கும். கவனம் இல்ல மனுஷனுக்கு. ஒரு உயிர் போயிருந்தா?”

அம்மா கேட்டதிலும் தப்பில்லை. அப்பா, காவலாளி வேலைக்கு வருகிறவர்களுக்குத் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுக்கிற வாத்தியார். போன வாரம் ஒரு ஆள் இலக்குப் பலகைக்குப் பின்னால் குனிந்து அட்டை மாற்றிக்கொண்டிருந்தார். “ஆள் இருக்கு! ஆள் இருக்கு!” என்று பின்னாலிருந்து நாலு பேர் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார்கள். அப்பா நிதானமாக “ஃபயர்” என்றுவிட்டார்.

நல்லவேளை, சுட்டவர் முதல் நாள் மாணவர். குண்டு பத்தடி தள்ளி மண்மேட்டில் போய்ச் செருகிக்கொண்டது.

நாளைக்கு விசாரணை. அப்பாவுக்குக் காது போனது வேலையால்தான் என்று முடிவானால், அவரை ஸ்டோருக்கு மாற்றுவார்கள். இல்லையென்றால் கவனக்குறைவு என்று எழுதி வெளியே அனுப்பிவிடுவார்கள். அப்புறம் எந்தக் கம்பெனியும் வாசலில்கூட நிற்க விடாது.

காது போனது எங்கள் தெரு நாய்க்கே தெரியும். அது அப்பாவைப் பார்த்துக் குரைப்பதை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. எட்டு வாத்தியார்களுக்கு இரண்டு காதுமூடிதான் கம்பெனியில். மூன்றாவது ஆளிலிருந்து பஞ்சு. அப்பாவின் காதுக்குள் இப்போது ராப்பகலாக ஒரு ‘ஙொய்’ ஓடுகிறது. அது எப்படி இருக்கும் என்று கண்டுபிடிக்க நான் சில்வண்டு, குக்கர் விசில், கொசு எல்லாம் காதருகில் செய்துபார்த்தேன்.

“உள்ள இருக்கிறதே போதும்மா. நீ வேற எதுக்கு?” என்றுவிட்டார்.

ஆனால் கம்பெனி ஃபைலில் பன்னிரண்டு வருஷம், பன்னிரண்டு ரிப்போர்ட். எல்லாவற்றிலும் ஒரே வரி: ‘செவித்திறன் நன்று.’

அது எப்படி என்றால், வருஷத்துக்கு ஒருதரம் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து டெஸ்ட் எடுப்பார்கள். ‘பீப்’ கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். மெஷின் போடுகிற பீப் எது, சொந்தக் காது போடுகிற பீப் எது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. முதல் வருஷம் திருதிருவென்று விழித்திருக்கிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெஸ்ட் எடுக்கிறவர் லேசாகத் தலையை ஆட்டினாராம். அப்பா அமுக்கினார். மறுபடி ஆட்டினார். மறுபடி அமுக்கினார். பாஸ்! அன்றிலிருந்து வருஷா வருஷம் இதே கதை. எட்டு வாத்தியார்களுக்கும்.

‘தலையாட்டி சார்’ என்று அவருக்கு வீட்டில் பெயர் வைத்ததே நான்தான்.

“அவர் தலையாட்டினதைச் சொல்லிடுங்கப்பா.” என் குரல் அப்பாவுக்கு எட்டாது. அதனால் பக்கத்து வீட்டு லாரி டிரைவர் குரலில், அடித்தொண்டையிலிருந்து கேட்டேன்.

“சொன்னா அவன் வேலை போயிடும்மா. டெஸ்ட்ல ஃபெயில் ஆனா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு நாங்க எல்லாம் நடுங்கிட்டு உட்கார்ந்திருந்தோம். அப்ப மனசு இரங்கினவன் அவன் ஒருத்தன்தான். அவனைக் காட்டிக்குடுத்துட்டு நான் ஸ்டோர்ல போய் உட்காரவா?”

“அவன் வேலைக்கு நீங்க காவல். உங்க வேலைக்கு யாரு காவல்?” என்றாள் அம்மா.

“என்ன?”

“ஒண்ணுமில்ல.”

இந்த ‘ஒண்ணுமில்ல’யை அம்மா ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சொல்கிறாள்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. மறுபடி டிரைவர் குரலுக்குப் போனேன். “அவரே போய்ச் சொல்லிட்டா?”

“அவன் எப்படிம்மா சொல்லுவான்?”

“மேடம் சொல்லச் சொன்னா சொல்லுவாரில்ல?”

நான் மூக்கைச் சுருக்கியதைப் பார்த்ததும் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. ஒரு வாரத்துக்கு அப்புறம் சிரித்தார். அம்மாவின் போனில் தலையாட்டி சார் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை ஆன் செய்து, மேஜை நடுவில் வைத்தேன்.

“ஹலோ, நான்தான் பேசறேன். இது வீட்டு நம்பர்,” என்றேன் மேடம் குரலில்.

“சொல்லுங்க மேடம்!” நாற்காலி தடாலென்று நகர்ந்தது. எழுந்தே நின்றுவிட்டார் போல.

அப்பா முன்னால் சாய்ந்து என் முகத்தையே பார்த்தார். போனில் வருகிற சத்தம் அவருக்கு எட்டவே எட்டாது.

“நாளைக்கு விசாரணையில நீங்க தலையாட்டினதைச் சொல்லிடுங்க. உங்க வேலைக்கு நான் பொறுப்பு.”

அம்மா கரண்டியோடு வாசற்படியில் நின்றாள்.

“என்ன மேடம், என்னைச் சோதிக்கிறீங்களா?” குரல் உடைந்திருந்தது. “எவனும் காது போச்சுன்னு கம்பெனி மேல கேஸ் போடக்கூடாது, எல்லாரையும் பாஸ் போடுன்னு சொன்னதே நீங்கதானே? ஃபெயில் ஆனா வேலை போயிடும்னு அவங்ககிட்ட புரளி கிளப்பிவிடச் சொன்னதும் நீங்கதானே? தலையாட்டறதுக்குத்தானே மேடம் எனக்குச் சம்பளமே குடுக்கறீங்க?”

மேடம் குரலும் வரவில்லை, என் குரலும் வரவில்லை.

அப்பா என் தோளைத் தட்டினார்.

“போதும்மா, ரொம்ப மிரட்டாதே. பாவம், புள்ளகுட்டிக்காரன்.”