ஏழும் ஒன்பதும்

அவன் உயிரின் விலை அன்றைக்குக் குழி ஒன்றுக்கு இரண்டாயிரத்து இருநூறு.

பருப்பு மண்டி முதலாளி ஆயிரத்து ஐந்நூறில் ஆரம்பித்தார். அவன் மூவாயிரத்தில் நின்றான். ஆளுக்கு இரண்டு டீ குடித்து முடிப்பதற்குள் விலை படிந்துவிட்டது.

இப்போது முதலாளியின் மாடி வீடு அவன் தலைக்கு ஒரு சாண் மேலே நிற்கிறது.

அவன் அஸ்திவாரத்துக்கு அடியில் குந்தியிருக்கிறான்.

மண் மஞ்சளாக இருந்தது. மூக்கு எரிந்தது. பக்கத்துத் தோல் பதனிடும் ஷெட்டை மூடிப் பத்து வருஷம் ஆகிறது. அது துப்பிய தண்ணீர் மட்டும் இந்த வீட்டுக்கு அடியில் குடியேறிவிட்டது. வாடகையும் தருவதில்லை.

விஷ மண் முழுதும் வெளியேற வேண்டும் என்று மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸ் உத்தரவு.

சுவரில் ஒரு கீறல் விழக்கூடாது என்று முதலாளி உத்தரவு.

அதனால் சுவரடியை ஒன்பது துண்டாகப் பிரித்து, ஒன்று விட்டு ஒன்று தோண்டுவது. மண்ணை அள்ளிவிட்டுக் கான்கிரீட் போடுவது. அது இறுகும்வரை, நடுவில் தொடாமல் விட்ட மண்மேல்தான் வீடு நிற்கும். முதலில் ஒற்றைப்படைக் குழிகள் மட்டும் என்று இஞ்சினியர் போனில் மூன்று தடவை சொன்னார்.

பக்கத்து மண்ணைச் சீவ, கடப்பாரையை லேசாக விட்டான்.

அது வழுக்கிக்கொண்டு போனது. எதிலும் முட்டவில்லை.

உருவினான்.

ஓட்டை வழியே வெளிச்சம் வந்தது. வெளிச்சத்தில் ஒரு ரப்பர் பூட்ஸ்.

சம்பங்கியின் பூட்ஸ்.

சம்பங்கி அவன் மனைவியின் தம்பி. காலையில் ஏழாம் குழிக்குள் இறங்கியவன். இவன் இருப்பது ஒன்பதில்.

நடுவே நாலடி மண் இருந்திருக்க வேண்டும்.

கடப்பாரையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான்.

போன வெள்ளிக்கிழமை சுவரில் சிவப்பு பெயின்டால் நம்பர் போட்டவன் அவன்தான். முதலாளி பின்னாலேயே நின்றார். ஏழு போட்டு முடித்ததும் கையைப் பிடித்தார்.

"எட்டு வேணாம் மேஸ்திரி. சனி கீறாரு அதுல."

"எட்டு மணிக்கு டிபன் சாப்பிட மாட்டீங்களா முதலாளி?"

"சாப்பாட்டுக்கு ஏதுபா சனி."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஏழுக்குப் பக்கத்தில் அவன் ஒன்பது எழுதினான். கடைசித் துண்டு பத்து ஆனது.

இஞ்சினியரிடம் யாரும் சொல்லவில்லை. இன்று காலை குழிக்கு ஆள் பிரிக்கும்போது, நம்பரைப் பார்த்துத்தான் ஒற்றைப்படை பிரித்தான்; ஒன்பது என்று எழுதியது எட்டாம் துண்டு என்பது மறந்தே போயிற்று.

மேலே, டிக்.

சின்னச் சத்தம். சுவரிலிருந்த பழைய விரிசலுக்குக் குறுக்கே சிமென்ட் வைத்து ஒட்டியிருந்த கண்ணாடிச் சில்லு. சுவர் அசைந்தால் முதலில் உடைவது அது. உடையட்டும் என்றுதான் ஒட்டுவது.

அஸ்திவாரக் கல்லிலிருந்து பொடி உதிர்ந்தது. கண்ணில் விழுந்தது. துடைக்கவில்லை.

பக்கத்தில் கிடந்த சவுக்குக் கட்டையை எடுத்துக் கல்லுக்கு அடியில் முட்டாக நிறுத்தினான். கீழே ஈர மண். முட்டின் கால் வழுக்கியது. முழங்காலால் அணை கொடுத்து, இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தான்.

வீடு முட்டின்மேல் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தது. முட்டு முனகியது.

கையை எடுத்தால் போயிற்று.

ஜாக்கி வைத்துத் தாங்கினால் தப்பலாம். ஜாக்கி மேலே, மண் அள்ளும் தள்ளுவண்டியில் கிடக்கிறது. அதை வைத்துத் திருக இன்னொருவன் கை வேண்டும். முதலாளி குடும்பம் ஊரில் இல்லை. முதலாளி மண்டியில். இருப்பது சம்பங்கி ஒருவன்.

நாற்பது வயது. மூன்று பெண் பிள்ளைகள். பல்லி விழுந்தாலே பலன் பார்க்கிறவன். கத்தினால் எகிறுவான். எகிறினால் கரை சரியும்.

கடையில் பீடி வாங்கிவரச் சொல்கிற குரலை வரவழைத்துக்கொண்டான்.

"சம்பங்கி, பொறுமையா மேல ஏறு. ஜாக்கிய எடுத்துகினு இங்க வா."

பூட்ஸ் ஓட்டையிலிருந்து மறைந்தது. ஏணி கிறீச்சிட்டது. மேலே நடை கேட்டது.

தள்ளுவண்டிவரை போயிற்று. திரும்பி வந்தது.

குழிக்கு மேலே, சுவருக்கு எதிரே நின்றது.

"மாமா, எட்டு எங்க?"

மண் உதிர்ந்தது.

இன்னொரு டிக்.

மேலே கயிறு உரசும் சத்தம் கேட்டது.

பிறகு ஜாக்கி வந்தது.

கயிற்றில் வந்தது. சாண் சாணாக, சுவரில் உரசாமல் இறங்கி, அவன் முகத்துக்கு முன்னால் ஒரு சுற்றுச் சுற்றி, தரையில் அமர்ந்தது. முடிச்சு நன்றாகப் போடப்பட்டிருந்தது.

அவன் ஏணியைப் பார்த்தான். முதல் படியில் ஒரு பூட்ஸ் வரும்.

கயிறு தளர்ந்தது. பிறகு அதன் மறுமுனையும் கீழே வந்து மஞ்சள் மண்ணில் விழுந்தது.

மேலே சம்பங்கி நடந்து போகிறான். ஓடவில்லை. சுவர் அதிராமல் ஒவ்வோர் அடியாக வைத்து, இவன் சொன்ன மாதிரியே பொறுமையாகப் போகிறான்.

ஏறியது ஆள் ஒன்று.

இறங்கியது ஜாக்கி ஒன்று.

கணக்குக்கு நேர்.

கைதான் இரண்டு குறைகிறது.