தெரிய வேண்டியவருக்கு மட்டும்

"உண்டு, இல்லை. ரெண்டுல ஒண்ணு சொன்னாப் போதும். இதுக்குப் போய் என்னம்மா இவ்வளவு யோசனை?"

மாதவன் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். தில்லை நகரில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. டீ இடைவேளை.

"யோசிக்கவே இல்லண்ணே. சொல்ல முடியாது," என்றாள் ஹஃப்ஸா.

கம்பெனி ஆட்களுக்கான படிப்பு அது. தகவல் பாதுகாப்பு, அதற்கான நெறி, விதிமுறை. யாருடைய விவரத்தை யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்று ஆறு மாதமாக ஒரே பாட்டு. மாதவன் ஒரு சீட்டுக் கம்பெனியில் மேனேஜர். கம்பெனி பணம் கட்டி அனுப்பியிருந்தது. ஹஃப்ஸா பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் ரெக்கார்டுகளுக்குப் பொறுப்பு. இருவருக்கும் ஒரே பெஞ்சு.

விஷயம் இதுதான். மாதவனின் மகள் அறிவுமதிக்கு வரன் அமைந்திருந்தது. பையன் நவநீதன், பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் இன்ஜினீயர். ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்து, இருவரும் போனில் பேசிக்கொள்ளவும் ஆரம்பித்தாயிற்று. வருகிற புதன்கிழமை நிச்சயதார்த்தம். இந்த நேரம் பார்த்து யாரோ ஒரு புண்ணியவான், "அந்தப் பையன் தில்லை நகர் ஆஸ்பத்திரியில ஒரு வாரம் படுத்துக் கிடந்தானே, தெரியாதா?" என்று காதில் ஊதிவிட்டுப் போனான்.

அது ஹஃப்ஸாவின் ஆஸ்பத்திரி.

"பேரைத் தட்டினா கம்ப்யூட்டர் சொல்லிடப் போகுது. யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்லண்ணே."

"ஒரு பொண்ணோட வாழ்க்கைம்மா. நீ என்னவோ கஜானாச் சாவியைக் கேட்ட மாதிரி பேசுற."

"வாழ்க்கைதான், இல்லைன்னு சொல்லல. அவர்கிட்டயே கேளுங்க."

"கேட்டா உண்மையைச் சொல்வானா?"

"கேக்காமலே சொல்ல மாட்டார்னு முடிவு பண்ணிட்டீங்க. அப்படிப்பட்டவருக்கா பொண்ணைக் கொடுக்கறீங்க?"

மாதவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

வகுப்பு தொடங்கியதும் கையைத் தூக்கினார்.

"சார், எல்லா விதிக்கும் விலக்கு உண்டுதானே? பெத்தவன் கேட்டாக்கூடச் சொல்லக் கூடாதா?"

பேராசிரியர் இருதயநாதன் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "யாரைப் பெத்தவன்?"

"பொண்ணைப் பெத்தவன்."

"படுத்திருந்தது யாரு?"

"மாப்பிள்ளை."

வகுப்பே சிரித்தது. ஹஃப்ஸா மட்டும் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். மாதவனுக்கு அதுதான் அதிகமாக எரிந்தது. போன தேர்வில் 'தெரிய வேண்டியவருக்கு மட்டும்' என்ற தலைப்பில் பக்கம் பக்கமாக எழுதி முதல் மார்க் வாங்கியவர் அவர். அவளோ தட்டுத்தடுமாறித் தேறியவள். அவள் அவருக்குப் பாடம் எடுப்பதா?

கல்நெஞ்சக்காரி. பொண்ணைப் பெற்றிருந்தால் தெரியும்.

வேறு வழியில்லை. மறுநாள் பொன்மலைக்கு வண்டியை விட்டார். பையனின் அப்பா வீரமலை, ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். அவரிடம் சுற்றி வளைக்காமல் கேட்டே விட்டார்.

"தப்பா நினைக்கக் கூடாது. தம்பி ஆஸ்பத்திரியில இருந்ததாச் சொன்னாங்க."

"ஆமா. டெங்கு. போன மழைக்கு இந்தத் தெருவுல பாதிப் பேருக்கு வந்துச்சு. இதைக் கேக்கவா இந்த வெயில்ல வந்தீங்க? ஒரு போன் போட்டிருக்கலாமே."

மாதவனின் முகத்தில் அசடு வழிந்தது. வீரமலை அதைப் பார்த்துச் சிரித்தார்.

"வெக்கப்படாதீங்க சம்பந்தி. நாங்க மட்டும் யோக்கியமா? எங்க வீட்டம்மா தில்லை நகர்ல ஒரு ஆஸ்பத்திரி பாக்கி வைக்கல. உங்க பொண்ணு பேரைச் சொல்லி, ஏதாவது வைத்தியம் பார்த்திருக்கான்னு விசாரிச்சாச்சு."

"அட."

"மத்த இடத்துல எல்லாம் தேடிப் பார்த்து, அப்படி யாரும் வரலைன்னு சொல்லிட்டாங்க. ஒரே ஒரு இடத்துல மட்டும் ஒரு பொண்ணு, ஹஃப்ஸாவாம். 'வந்திருந்தாலும் சொல்ல மாட்டேன், வரலைன்னாலும் சொல்ல மாட்டேன்'னு திருப்பி அனுப்பிடுச்சு. எங்க வீட்டம்மாவுக்கு ரெண்டு நாள் சோறு இறங்கல."

இப்போது மாதவனும் சிரித்தார்.

"எனக்கும் அதே கதைதான். அது என் கூடத்தான் படிக்குது. ஆனா என் பொண்ணுக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்ல சம்பந்தி. அதையாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்."

காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வரும்வரை சிரிப்பு அடங்கவில்லை. வீட்டில் அறிவுமதி மட்டும் இருந்தாள். சட்டையைக்கூட மாற்றாமல் எல்லாவற்றையும் சொன்னார்.

"அழுத்தக்காரி. சம்பந்தி வீட்டுல வந்து உன்னைப் பத்தி விசாரிச்சுட்டுப் போயிருக்காங்க. நேத்து அவ்வளவு பேசினேன், மூச்சு விடல பாரேன். இருந்தா சொல்ல வேண்டாம். இல்லாததை இல்லைன்னு சொல்றதுக்கு என்னவாம்?"

அறிவுமதி மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நவநீதன்கிட்ட நானே சொல்லிட்டேம்ப்பா. உங்ககிட்ட சொல்லத்தான் பயமா இருந்துச்சு."

"என்னத்தை?"

"போன வருஷம் மனசு சரியில்லாம, தூக்கமே இல்லாம இருந்தேன். நாலு மாசம் அந்த ஆஸ்பத்திரியிலதான் வைத்தியம் பார்த்தேன். முதல் நாள் உள்ள போகப் பயந்து வாசல்லயே நின்னப்ப, அந்த அக்காதான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்க."

மாதவன் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வாராவாரம் உங்க பக்கத்துலதான உட்கார்ந்திருக்காங்க? நிஜமாவே உங்ககிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலையாப்பா?"