அந்தக் கப்பல் இன்னும் இறங்கவில்லை

"இப்ப அவ என்ன பண்றா?" என்று கேட்டார் சுருளிவேல்.

"ஜன்னலோரமா நிக்கிறா மாமா. வெளிய ஒரே இருட்டு," என்றாள் அவர் மனைவி மாரீஸ்வரி.

'அவ' என்றால் டிவியில் ஓடுகிற தொடரின் நாயகி. பூமி பாழாய்ப் போய், குடியிருக்க வேறு நிலம் தேடி ஆகாயத்தில் போகும் கப்பல். மற்றவர்கள் எல்லாம் பெட்டிகளுக்குள் உறங்க, இவள் ஒருத்தி மட்டும் விழித்திருந்து ஓட்டுகிறாள். பேசுவது ஏதோ பனி நாட்டுப் பாஷை. கீழே வரும் இங்கிலீஷ் எழுத்தைப் படித்துத் தமிழில் சொல்வது மாரீஸ்வரியின் வேலை.

சுருளிவேலுக்குக் கண் போய்விட்டது.

திராட்சைக் கொடியைக் கவாத்து வெட்டியதும், மொட்டு வெடிக்கவென்று அடிக்கிற மருந்து. பொல்லாத மருந்து. கண்ணாடியைப் போடுங்கள் என்று அவள் தொண்டை கிழியக் கத்தியும் கேட்காத மனுஷர். மருந்தடிக்கிற ஓஸ் பிய்த்துக்கொண்டு முகத்தில் அடித்தது. மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துபோனது.

அதற்கு முன்னால் அவருக்கிருந்த ஒரே பைத்தியம் இந்த மாதிரித் தொடர்கள்தான். ஊர் உலகம் சீந்தாத விஞ்ஞானப் படங்களாகத் தேடிப் பிடிப்பார். அதற்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் வேறு. அதில் இருந்தவர்கள் கைவிரலுக்குள் அடங்குவார்கள். ராயப்பன்பட்டி டீக்கடையில் உரம் விலை பேசிக்கொண்டிருக்கிறவர்களைப் பிடித்து உட்காரவைத்து, காலம் பின்னோக்கி ஓடும் கதையை விளக்குவார். ஆளைக் கண்டாலே வண்டியைக் கிளப்பிவிடுவார்கள்.

மாரீஸ்வரியும் கேலி பண்ணியவள்தான். தோட்டத்தில் களை மண்டிக் கிடக்கிறது, இவருக்குச் செவ்வாய் கிரகத்தில் தண்ணீர் இல்லையென்று கவலை!

கண் போன பிறகு அவர் பேச்சே நின்றுபோனது. இரண்டு முறை கிணற்று மேட்டிலிருந்து இழுத்து வந்தாள். இரண்டாவது முறை அவர் காலைக் கட்டிக்கொண்டு, இந்தப் பாதகத்தி என்ன பாவம் செய்தாள் என்று மண்ணில் புரண்டு அழுதாள்.

அன்றைக்குத்தான் அவர் சொன்னார். பாதியில் விட்ட அந்தக் கப்பல் கதையை மட்டும் கேட்டு முடித்துவிடுகிறேன், அதுவரைக்கும் எங்கேயும் போகமாட்டேன் என்று.

சாமி கண்ணைத் திறந்தது என்று நினைத்தாள். கிணற்றுப் பக்கம் திறக்கும் பின்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கதை சொல்ல உட்கார்ந்தாள்.

மழை பிடிப்பதற்குள் கதை நின்றுவிட்டது. முடியவில்லை, நின்றுவிட்டது. பார்க்க ஆளில்லை என்று எடுத்தவர்களே அந்தரத்தில் விட்டுவிட்டார்கள். கப்பல் பாதி வழியில். அவள் ஜன்னலோரமாக நிற்கிறாள். அவ்வளவுதான்.

கதை நின்றுபோனதை மாரீஸ்வரி அவரிடம் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து பழைய பாகங்களையே மாற்றி மாற்றிப் போட்டாள். சத்தம் டிவியுடையது, கதை இவளுடையது. பாஷைதான் அவருக்குப் புரியாதே. கப்பலில் வியாதியைப் பரப்பினாள். உறங்குகிறவர்களை எழுப்பிச் சண்டை மூட்டிவிட்டாள். ஒன்றும் தோன்றாத ஒரு நாள் கப்பலுக்குள்ளேயே திராட்சைத் தோட்டம் போட்டு, அந்தப் பெண்ணைக் கவாத்து வெட்ட வைத்தாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"கிளைக்கு எத்தன மொட்டு விட்டா?" என்று கேட்டுச் சிரித்தார் சுருளிவேல்.

கண் போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு. அப்பாடா, பிழைத்தோம் என்றிருந்தது அவளுக்கு.

நிலத்தை மட்டும் அவள் காட்டவே இல்லை. நிலம் தெரிந்தால் கதை முடிந்துவிடும்.

இன்றைக்கு மத்தியானத்திலிருந்தே ஆடிக்காற்று தகரத்தைப் பிய்த்தெடுத்துக்கொண்டிருந்தது. ஃபேன் போட வேண்டியிருக்கவில்லை. திரையைப் பார்ப்பதை அவள் விட்டு வெகுநாளாகிறது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள். எரிபொருள் தீரப் போகிறது. தூரத்தில் என்னவோ வெளிச்சம். நட்சத்திரமா, வேறெதுவுமா தெரியவில்லை. கிட்டே போய்த்தான் பார்க்க வேண்டும். போகிறாள், போய்க்கொண்டே இருக்கிறாள்...

"கரண்டு போயி ரொம்ப நேரமாச்சு மாரி," என்றார் சுருளிவேல்.

திரும்பிப் பார்த்தாள். டிவி கருப்பாக இருந்தது. காற்றின் இரைச்சல் மட்டும்தான் கேட்டது. எப்போது போனது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அது ஒத்த சீசன்தான். பாதியில நிப்பாட்டிட்டாகன்னு குரூப்புல எழுதிப் போட்டதே நாந்தான். சீக்கிரம் முடிஞ்சிரும்னுதான் அதக் கேட்டேன்."

அப்படியென்றால் இத்தனை நாளும் அவர் கதைக்காக உட்கார்ந்திருக்கவில்லை. சொல்கிறவள் சொல்லிக்கொண்டிருக்கிறாளே என்று உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"பாவம் அந்தப் புள்ள. எம்புட்டு நாளுதான் ஒத்தையில முழிச்சிருந்து ஓட்டுவா? எறக்கி விட்ரு ஆத்தா," என்று கையை நீட்டினார்.

விரித்த உள்ளங்கை. மாரீஸ்வரி அதில் தன் கையை வைத்து இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அவர் கேட்டது அதை இல்லை. இடுப்பில் சாவி உறுத்தியது.

"இன்னும் தரை தெரியல மாமா," என்றாள்.