இடப்பக்க வளைவு

இடப்பக்கம் வளைந்ததும் ஆயில் மீட்டரின் முள் மறுபடியும் பூஜ்யத்தில் விழுந்தது.

உடனே எஞ்சினை அணைத்தேன். ஆயில் பிரஷர் இல்லாமல் ஓடினால் அடுத்த வளைவுக்குள் எல்லாம் உருகி ஒரே இரும்புக்கட்டியாகிவிடும் என்று மெக்கானிக் லோஜன் என்னைப் பயமுறுத்தி வைத்திருந்தான்.

கார் தேயிலைச் சரிவோரம் சத்தமில்லாமல் நின்றது.

நாளை ஞாயிற்றுக்கிழமை. இதே ரோட்டில் கார் ரேஸ். வருஷம் முழுக்க ஸ்கூல் வேன் ஓட்டுகிற நான், பின்னால் பிள்ளைகள் இல்லாமல் ஒரே ஒரு நாள் வேகமாகப் போய்ப் பார்க்க ஆசைப்பட்டுப் பேர் கொடுத்திருந்தேன். முள் இப்படி விழுந்தால் அந்த ஒரு நாளும் இல்லை.

நேர் ரோட்டில் முள் ஒழுங்காக நிற்கும். வலப்பக்க வளைவிலும் நிற்கும். இடப்பக்கம் திரும்பினால்தான் மயக்கம் போடும்.

ஹட்டனில் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் ஜெயகாந்தன், ரேஸ் எஞ்சின் சூட்டில் ஆயில் தண்ணியாகிவிடும், தடித்ததாகப் போடு என்றார். போட்டேன். விழுந்தது.

லோஜன், இந்தக் குளிருக்குத் தடித்த ஆயில் மேலே ஏறாது, மெல்லிசாகப் போடுவோம் என்றான். போட்டோம். விழுந்தது.

பிறகு இருவரும் கூடிப் பேசி, வளைவில் ஆயில் முழுக்க ஒரு பக்கம் ஒதுங்குகிறது, பம்ப் காற்றைத்தான் உறிஞ்சுகிறது என்று முடிவு செய்தார்கள். எஞ்சினுக்கு அடியிலிருக்கும் ஆயில் தொட்டியைக் கழற்றி உள்ளே தடுப்புத் தகடு வைத்தோம். புது ஆயில் ஊற்றினோம். புது மீட்டரும் மாட்டினோம். புது மீட்டரில் முள் இன்னும் தெளிவாக விழுந்தது.

எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டினேன். எனக்குத் தெரிந்த ஒரே கார் வேலை அது.

பக்கத்து சீட்டிலிருந்த லோஜன் இறங்கிப் பானட்டைத் திறந்தான். வழக்கமாக அவன் திறந்தால் நான் பிளேன்டீ வாங்கப் போய்விடுவேன். இன்று பக்கத்தில் கடை இல்லை. அதனால் நானும் குனிந்தேன்.

கீழே, ஆயில் ஃபில்டருக்குப் பக்கத்தில், மீட்டருக்குப் போகும் வயரில் ஒரு எலுமிச்சம்பழம் தொங்கியது. கூடவே இரண்டு பச்சை மிளகாய்.

லோஜனை உள்ளே உட்காரவைத்து, எஞ்சினை ஓடவிட்டு, பழத்தை விரலால் வலப்பக்கம் தள்ளினேன். வயரின் நுனி லேசாகக் கழன்றது. முள் விழுந்துவிட்டது என்றான். விரலை எடுத்தேன். எழுந்துவிட்டது என்றான்.

இதை நீ பார்க்கவே இல்லையா என்று கேட்டேன்.

"ஆரம்பத்துலேருந்தே இருக்குதுண்ணே. நீங்க கட்டுனதுன்னு நெனச்சேன். ஒருத்தவங்க கண்ணூறுக்குக் கட்டுனத நான் அவுக்கலாமா?"

மூன்று முறை ஆயில் மாற்றியவன், மூன்று முறையும் பழத்தில் ஒரு சொட்டுப் படாமல் மாற்றியிருக்கிறான்.

நான் கட்டவில்லை. இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவன் நான்.

பழத்தைத் தொட்டேன். எஞ்சின் சூட்டில் அது கறுத்துச் சுருங்கியிருக்க வேண்டும். சுருங்கவில்லை. குங்குமம்கூடக் கலையவில்லை. வெள்ளிக்கு வெள்ளி பழம் மாறுகிறது, அதையும் நான்தான் செய்கிறேன் என்று நினைத்தானாம் லோஜன்.

நேற்று வெள்ளிக்கிழமை.

கார் இரவில் நிற்பது எங்கள் வாசலில். அந்த வாசலில் என்னைத் தவிர இருப்பது பூரணி மட்டும். என் மனைவி. நான் பேர் கொடுத்த அன்று, காரையும் உங்களையும் சேர்த்துக் கொளுத்துகிறேன் என்று சொன்னவள். அன்றிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசாதவள்.

லோஜன் கத்தியை எடுத்து, வெட்டிவிடட்டுமா என்று கேட்டான்.

"வேணாம்டா. அது அங்கேயே தொங்கட்டும். நீ வேற வயர் இழு."