குணம் பார்த்து

“எந்த ஜாதியா இருந்தாலும் சரிம்மா, குணம் நல்லா இருந்தாப் போதும்” என்றாள் சுனோக்.

பூசான் நாய்கள் காப்பகத்தில் வேலை செய்யும் மிஹ்வா சிரித்தாள். “இத்தனை நாள் ஏன் வளர்க்கல?”

“எங்க வீட்டுக்காரருக்கு நாய் முடி பட்டாலே தும்மல். இப்ப அவரும் போயிட்டார். வீடு வெறிச்சோடிக் கிடக்கு.”

திறந்திருந்த கடைசிக் கூண்டில் ஒரு கிழட்டு நாய் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது.

“அது வேணாங்க. அதைப் புள்ளையாட்டம் வளத்த ‘அப்பா’ செத்ததுலேருந்து யாரையும் ஏறெடுத்துப் பாக்கல.”

மிஹ்வா சொல்லி முடிப்பதற்குள் நாய் எழுந்தது. நேராக வந்து, சுனோக்கின் தொளதொள குளிர் ஜாக்கெட் பைக்குள் மூக்கை நுழைத்து முனகியது. பிறகு அவள் காலடியில் சுருண்டுகொண்டது.

சுனோக்கின் கண் கலங்கியது. “பாத்தியா, அதுவே என்னைப் பிடிச்சுக்கிச்சு.”

“அதிசயமாத்தான் இருக்கு. இதை இங்க விட்டுட்டுப் போன ‘அம்மா’ கேட்டா சந்தோஷப்படுவாங்க. பாவம், அவங்க வீட்டுக்கு அந்த ‘அப்பா’ வியாழக்கிழமை மட்டும்தான் வருவாராம். வந்தா இதை மடியில வச்சுக்கிட்டு, தும்மிக்கிட்டே கொஞ்சுவாராம்.”

சுனோக் ஜாக்கெட்டை இறுகப் பற்றினாள். அது அவள் கணவருடையது.

வெள்ளிக்கிழமைதோறும் தும்மிக்கொண்டே வீடு திரும்பியவருக்கு, வெளியூர் வேலையில் பிடித்த சளி என்று நம்பி, அவள்தான் இஞ்சி டீ போட்டுக் கொடுத்திருந்தாள்.