உள்ளே இருப்பது

"வேணாம் மச்சி. பழசே போதும்" என்று ஷ்ரவண் டப்பாவைக் கடை மேஜைமேல் வைத்தான்.

அக்பர் பாஷா டப்பாவைப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை மந்தைவெளியில் ஷ்ரவண் வீட்டுக்குப் போய், அவன் கம்ப்யூட்டரில் தானே மாட்டிவிட்டு வந்த ஏ.எம்.டி. புராசஸர். இன்று செவ்வாய்.

"இன்னா ஆச்சு? ஹேங் ஆவுதா?"

"இல்லை."

"சூடாவுதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லை. நன்னாத்தான் ஓடறது. பழைய பென்டியத்தை நானே திருப்பி மாட்டிட்டேன்."

"நல்லா ஓடுதுன்னா ஏன்டா கழட்டின?"

ஷ்ரவண் வாசலுக்கு நடந்தான். "பணத்துக்கு அவசரமில்லை" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினான்.

கச்சேரி ரோட்டில் கம்ப்யூட்டர் கடை போட்டதிலிருந்து அக்பர் பாஷா ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தான். பென்டியத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம், அதே போர்டில் இந்த ஏ.எம்.டி.யை மாட்டினால் கேமெல்லாம் பறக்கும் என்று. யாரும் நம்பவில்லை. ஷ்ரவண்தான் முதலில் நம்பினான். துப்பாக்கி கேமில் படம் திக்கித் திக்கி வந்து சலித்துப் போனவன். அதற்கும் மாதக்கணக்கில் யோசித்துத்தான் மாற்றினான். அவனுக்குச் சரியாக வந்தால் நாங்களும் மாற்றுகிறோம் என்று அவனுடைய பிளாட்ஸிலேயே சிலர் காத்திருந்தார்கள்.

சாயங்காலத்துக்குள் அவர்களில் ஒருவன் போன் செய்துவிட்டான். ஸ்ரீவத்சன்.

"ஷ்ரவண் திருப்பிக் குடுத்துட்டானாமே? அப்ப எங்க யாருக்கும் வேணாம். டூப்ளிகேட் கீப்ளிகேட் மாட்டிட்டியோ என்னமோ, யார் கண்டா?"

அதுதான் சுட்டது. போன மாதம் ஒரு டாக்டர் வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தபோது, பெட்டியின் முகப்பு ஸ்டிக்கரில் இருந்த பெயர் ஒன்று, உள்ளே இருந்த புராசஸர் வேறு. எவனோ ஏமாற்றி விற்றது. டாக்டரின் கண்ணெதிரே அந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்துக் கையில் கொடுத்தான் அக்பர் பாஷா. "உள்ள இன்னா கீதோ அதான் சார் வெளிய இருக்கணும்." அந்தப் பேச்சு மயிலாப்பூர் முழுக்கப் பரவியது. கடைக்கு அவன் செய்த ஒரே விளம்பரம் அது.

ஷட்டரை இறக்கிவிட்டு டப்பாவோடு மந்தைவெளிக்குக் கிளம்பினான். காரணத்தை ஷ்ரவணின் வாயாலேயே, அந்த பிளாட்ஸ்காரர்கள் முன்னால், சொல்ல வைக்காமல் விடுவதில்லை.

கதவைத் திறந்த ஷ்ரவணின் முகம் மாறியது. "நீ எங்கடா இங்க?"

"சொல்லு. உனக்கு டூப்ளிகேட்டா மாட்டினேன்? இல்ல, வேற கடைக்காரன் எவனாவது ஓதிட்டானா?"

"மெதுவாப் பேசு. கீழ போய்ப் பேசலாம், வா."

"இன்னாத்துக்குக் கீழ? இங்கியே சொல்லு. எம்பேரு நாறிக்கினு கீது."

"யாரு, பாஷாவா? உள்ள வாப்பா" என்று ஒரு குரல் கொஞ்சம் குழறலாக வந்தது.

ஷ்ரவணின் அப்பா கஸ்தூரிரங்கன். பக்கவாதம் வந்து பாங்க் வேலையை விட்டவர். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் ஒரு பழைய கார் ரேஸ்.

"பாரு, ரெண்டு வளைவு தாண்டிட்டேன்!"

அவருடைய வலது கை விரல் மெல்ல எழும்பியது. சற்றுத் தயங்கி, சாவிமேல் இறங்கியது. கார் அதுவரை காத்திருந்ததுபோல் ஊர்ந்து வந்து வளைவில் திரும்பியது.

"பிசியோதெரபிகாரர் பந்தை அமுக்குன்னார். அலுத்துப் போச்சு. இவன்தான் இதுல உக்கார வெச்சான். விரல் கொஞ்சம் கொஞ்சமா பேச்சைக் கேக்க ஆரம்பிச்சுது. ஞாத்திக்கிழமை நீ புதுசு மாட்டிட்டுப் போனியே, அன்னிக்கு மொதல் வளைவுலயே கார் சுவத்துல போய் முட்டித்து. எத்தனை தடவை! சரி, இந்தக் கை அவ்வளவுதான்னு விட்டுட்டேன். நேத்திக்குக் கிட்டக்கவே வரலை. பந்தையும் தொடலை."

அக்பர் பாஷா திரையைப் பார்த்தான். பழைய டாஸ் கேம். அதில் காருக்கென்று தனி வேகம் கிடையாது. புராசஸர் எவ்வளவு வேகமோ, காரும் அவ்வளவு வேகம்.

"இன்னிக்குக் கார்த்தால இவன் பெட்டியைத் திறந்து பார்த்துட்டு, ஏதோ ஒண்ணு தப்பா மாட்டியிருந்தது, சரி பண்ணிட்டேன்னான். இப்போ பாரேன். உன் புது சிப்புக்கே ஈடு குடுக்கறேன்!"

ஷ்ரவண் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான்.

கஸ்தூரிரங்கன் சாவியிலிருந்து விரலை எடுத்தார். கார் நின்றது.

"ஒண்ணு கேக்கறேன் பாஷா. இவன் எம் பிள்ளை, எனக்காகப் பொய் சொல்லுவான். நீ சொல்ல மாட்டே, ஊருக்கே தெரியும். இப்ப உள்ள இருக்கறது புதுசுதானே?"

அக்பர் பாஷா முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு டப்பாவைத் திறந்தான். புராசஸரைத் தொடாமல், கூட இருந்த, ஞாயிற்றுக்கிழமை ஒட்டாமல் விட்டுப்போன ஏ.எம்.டி. ஸ்டிக்கரை மட்டும் எடுத்தான். கம்ப்யூட்டர் பெட்டிக்கு முன்னால் குந்தி, முகப்பில் இருந்த பென்டியம் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தான். கைக்குட்டையால் இடத்தைத் துடைத்துவிட்டு, புதியதை ஒட்டிக் கட்டைவிரலால் அழுத்தினான்.

"புதுசுதான் மாமா. அன்னிக்கு ஸ்டிக்கர் மாத்த மறந்துட்டேன். அதுக்குத்தான் வந்தேன்."