ஐந்தாவது மீட்டர்

சுவா நகரில் உனைசியின் மாடிக் கட்டிடத்தில் மொத்தம் நான்கு வீடுகள். மாடிப்படிக்கு அடியில் இருந்த மீட்டர்களோ ஐந்து. பெயர் எழுதாத அந்த ஐந்தாவதும் நாள் தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது. மேல்மாடி விலியாமேதான் கள்ளத்தனமாக வயர் இழுத்திருக்கிறான் என்று உனைசி முடிவே கட்டிவிட்டாள். கையும் களவுமாகப் பிடித்து, அன்றைக்கே வீட்டைக் காலி பண்ணச் சொல்வதாக இருந்தாள்.

சனிக்கிழமை காலை, எல்லாரையும் அவரவர் வீட்டில் விளக்கைப் போட்டுவிட்டு நிற்கச் சொன்னாள். கீழே ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கினாள். விளக்கு அணைந்த வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக, "போச்சு!" என்று கத்தினார். திரும்பச் செருகியதும், "வந்துடுச்சு!" என்றார். நான்கும் சரியாகப் பொருந்தின. கத்தி முடித்தவர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு, மீதியை வேடிக்கை பார்க்கக் கீழே இறங்கி வந்தார்கள்.

விலியாமே கடைசியாக வந்தான். "எம்மேலதானக்கா சந்தேகம்? இதோ பக்கத்துலயே நிக்கிறேன். அஞ்சாவதப் புடுங்கு பாப்போம்."

"ரொம்பப் பேசாத. உன் வீட்டுல யார ஒளிச்சு வச்சிருக்க?"

"நான் ஒண்டிக்கட்ட. இந்தா சாவி, நீயே போய்ப் பாத்துக்க."

உனைசி தலைகளை எண்ணினாள். ஒருவரும் குறையவில்லை. ஐந்தாவது ஃபியூஸைப் பிடுங்கினாள். மீட்டரின் சக்கரம் நின்றது.

"போச்சு!" என்றது மேலேயிருந்து ஒரு பெண்குரல்.

 உனைசி அவசர அவசரமாக ஃபியூஸைத் திரும்பச் செருகினாள்.

"வந்துடுச்சு!" என்றது குரல். "நானும் பூட்டிட்டுக் கீழ வரட்டுமா?"